ஓடைமேட்டுப் பக்கச் சுவர்

சிமெண்ட் எழுத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் சங்கத்தில் கேட்டார்கள். எனக்குப் பேச்சு குறைவு. படிப்பு அதைவிடக் குறைவு. ஆனால் சிமெண்டில் எழுதியது நிறைய. பாகூர், வில்லியனூர் பக்கம் பஸ்ஸில் போனால் வெளியே பாருங்கள். பள்ளிக்கூட வாசல், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, கல்யாண மண்டபம், சர்ச் வளைவு. சுவரை விட்டு எழும்பி நிற்கிற தடித்த எழுத்து எங்கே இருந்தாலும் அதில் பாதிக்கு என் கை பட்டிருக்கும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அது தப்பு என்று நினைக்கிறவர்கள் சாரத்தில் ஏறிப் பார்க்காதவர்கள்.

கலவை எப்படிக் குழைப்பது, நூல் எப்படிக் கட்டுவது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதை உங்களோடு வேலை செய்கிறவர்கள் காட்டுவார்கள். எதை எப்போது முடிவு பண்ணுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எழுத்து. நாம் போடுவதற்குப் பைப் எழுத்து என்று பேர். வட்டம் வருகிற இடத்தில் பெரிய பைப்பிலிருந்து ஒரு வளையம் அறுத்துச் சுவரில் வைப்போம். அதற்குள்ளே சின்னப் பைப்பில் அறுத்த இன்னொரு வளையம். இரண்டுக்கும் நடுவில் கலவை. இறுகத் தொடங்கியதும் வளையத்தை உருவிவிட்டால் எழுத்து நிற்கும். நேர்க்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ரீப்பர் கட்டை. அவ்வளவுதான். வளையத்துக்கும் கட்டைக்கும் தெரிந்ததை மட்டும்தான் இந்த எழுத்து சொல்லும். வால் கிடையாது. ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடிக்கிற வேலை கிடையாது. நுனியில் பூ கிடையாது. தலையிலிருந்து கால் வரை ஒரே தடிமன்.

கல்யாணப் பத்திரிகைக்கு இது ஆகாது. அங்கே கொஞ்சம் குழையணும். பேர் தெரியணும், தூரத்திலிருந்து தெரியணும், ஓடுகிற வண்டியிலிருந்து தெரியணும் என்றால் இதுதான். இப்போது கம்ப்யூட்டரில் வெட்டிப் பெரிய கடைகளின் நெற்றியில் மாட்டுகிற தடி எழுத்தைப் பார்த்தேன். நம் எழுத்துக்குச் சொந்தபந்தம் மாதிரி இருந்தது. மிஷின் வெட்டட்டும், நல்லதுதான். ஆனால் எவ்வளவு தடிமன் என்று மிஷினுக்கும் ஓர் ஆள்தான் சொல்லியாக வேண்டும்.

நான் சித்தாளாகத்தான் வந்தேன். என் மேஸ்திரி வளையம் வைக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். கை ஆடாத ஆள் என்று என்னைப் பிடிக்கச் சொன்னார். அப்படியே எழுத்துக்கு வந்தேன். அவர் பேரை எழுதவில்லை. அவருக்கே அது பிடிக்காது. ஊரெல்லாம் பேர் எழுதினவர், தன் வீட்டு வாசலில் எழுதிக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. எழுத்தை முடித்ததும் மொபெட்டைத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்க்கச் சொல்வார்.

"இன்னா தெரியுது?"

"எழுத்துதாங்க. தலகீழா… இல்ல, இடம் வலம் மாறித் தெரியுது."

"படிக்க முடியுதா?"

"முடியலீங்க."

"அதான் வேணும். படிக்க முடிஞ்சா கண்ணு ஏமாத்திடும். அதுவா சரி பண்ணிக்கும். படிக்க முடியாதப்ப பாரு. எது முந்திக்கினு நிக்குது, எது அடச்சிக்கினு கீதுன்னு அப்ப தெரியும்."

மேலும் கீழும் கட்டின நூலுக்குள் அடங்கி நிற்கிற வட்டம் குட்டையாகத் தெரியும் என்பதை அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிற ட நூலைத் தொட்டு நிற்கிறது. ஓ-வும் நூலைத்தான் தொட்டு நிற்கிறது. ஆனாலும் ஓ சின்னப் பிள்ளை மாதிரி தெரிகிறது. அதை ஒரு நகம் அளவு நூலைத் தாண்ட விட்டால் இரண்டும் சமமாகிவிடும். படுத்த கோட்டை நின்ற கோட்டைவிடத் துளி மெலிசாக வைத்தால்தான் இரண்டும் ஒரே தடிமனாகத் தெரியும். இதையெல்லாம் மேஸ்திரி வாயால் சொல்லவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இனி ஓடைமேடு.

அது என் ஊர். கரும்பு வெட்டவும் நடவுக்கும் போய்க்கொண்டிருந்த சனம். இப்போது பாதிப் பேர் கம்பெனி வேலை, கட்டட வேலை. மெயின் ரோட்டுக்கு ஒட்டின மாதிரிதான் எங்கள் வீடுகள். பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். ஆனால் நிற்காது. அடுத்து இருக்கிற பெரிய ஊரில்தான் நிற்கும். அந்த ஊர்ப் பேரை இங்கே எழுதவில்லை. பெரிய ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஊரில் இறங்கி ரோட்டோடு திரும்பி நடக்கணும். நடுவில் சாராயக்கடை. ஆம்பளைக்கு அது நடை. பொண்ணுக்கு அது வேறே.

என் அண்ணன் மகள் அமலா வில்லியனூர்ப் பக்கம் மாத்திரை அடைக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருவாள். ஓடைமேடு வரும்போது எழுந்து வந்து கேட்பாள். கண்டக்டருக்கு ஒரே பதில்தான்.

"இங்க ஏதும்மா ஸ்டாப்பு? போர்டு எங்க கீது? காட்டு, நிறுத்தறன்."

போர்டு இருந்தது. தகரத்தில் யாரோ எப்போதோ வளைத்து நெளித்து எழுதி நட்டு வைத்தது. எழுத்து மெலிசு. பக்கத்தில் போய் நின்றால் அழகு. பஸ்ஸிலிருந்து பார்த்தால் தகரம்தான் தெரியும். அதனால் அவர் சொன்னதில் பொய் இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஒருநாள் சாராயக்கடைப் பக்கம் யாரோ அவள் பின்னாலேயே வந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டமாக ஓடி வந்துவிட்டாள். அண்ணன் சட்டியைத் தூக்கி வாசலில் போட்டான்.

"நாளையிலேர்ந்து வேல கெடையாது. பஸ்ஸு நம்ம வாசல்ல நிக்கட்டும், அப்புறம் போவட்டும்."

"அப்பா, வேலய வுட்டா திரும்ப எடுக்க மாட்டாங்கப்பா."

"எடுக்காட்டிப் போ."

அமலா என்னைப் பார்த்தாள். அப்போது எங்கள் ஊருக்கு நிழற்குடை கட்டும் வேலை வந்திருந்தது. கடைக்கால் எடுத்தாகிவிட்டது. எழுத்து வேலைக்கு காண்ட்ராக்டர் என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். நான் அண்ணனிடம் சொன்னேன்.

"நெழக்குட முடியட்டும். அதுவரிக்கும் நானே தெனம் பெரிய ஊருக்குப் போயி கூட்டினு வரன். முடிஞ்ச பெறவும் பஸ்ஸு நிக்கலன்னா உன் இஷ்டம்."

"பஸ்ஸு கட்டடத்தப் பாத்தா நிக்கும்? பேரப் பாத்து நிக்கணும்."

"பேர நான் பாத்துக்கறன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யோசித்தேன்.

நிழற்குடை என்றால் மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, திறப்புக்கு மேலே ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு நெற்றி. நெற்றியில்தான் பேர் போடுவது வழக்கம். பிளானில் ஓடைமேடு என்று மட்டும்தான் இருந்தது. நெற்றிக்குப் பூச்சு ஆரம்பிக்கிற அன்று பெரிய ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். நாலு பைக். நடுவில் ஊர்ப் பெரியவர். நிலம் நீச்சு உள்ளவர். சத்தம் போட மாட்டார். சத்தம் போடத் தேவைப்படாதவர்.

"எங்க ஊரு பேரு முன்னாடி வரணும். அதுக்குக் கீழ வேணா அவங்க பேரு வரட்டும். இது எங்க ஊரு எல்லை."

எங்கள் பக்கம் பிரகாசு இருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவன்.

"எங்க வாசல்ல உங்க பேரு எதுக்குங்க? உங்களுக்குத்தான் ஒரு ஸ்டாப்பு கீதே."

"தம்பி, நான் உன்கிட்ட பேசல."

வேலை நின்றுபோனது. காண்ட்ராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு ஊர்ப் பேரையும் போடலாம் என்று என்னிடம் வந்து சொன்னார். நான் நெற்றியை அளந்து பார்த்தேன். இரண்டு வரி போட்டால் எழுத்து சின்னதாகும். எழுத்து சின்னதானால் உள் வளையம் விரல் நுழையாத அளவுக்குப் போய்விடும். கலவை அடைத்துக்கொள்ளும். இரண்டு பேரும் இருக்கும், எதுவும் தெரியாது. பழைய தகரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வில்லியனூர் போனேன். அமலா வருகிற அதே சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில், இஞ்சின் பெட்டியை ஒட்டின சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரோட்ட மொறச்சிக்கினே வர? நான் நல்லாத்தான் ஓட்டறன்."

"நீ பாக்கறத நானும் பாக்கறன், ஓட்டு."

"பஸ்ஸு வாங்கப் போறியா?"

"நிறுத்தப் போறன்."

சிரித்தார். பாட்டை வைத்துவிட்டு ஓட்டினார்.

ஓடைமேட்டுக்கு முன்னால் புளியமரத்து வளைவு. வளைவு திரும்பினதும் நிழற்குடை தெரிந்தது. நான் பார்த்தது இதுதான்: நெற்றி தெரியவே இல்லை. நெற்றி ரோட்டைப் பார்த்து இருக்கிறது. பஸ் ரோட்டோடு வருகிறது. நேர் எதிரே வந்த பிறகுதான் நெற்றி கண்ணில் படும். அப்போது பஸ் தாண்டியாகிவிட்டது. வளைவிலிருந்து வருகிற வழி முழுக்க டிரைவர் கண்ணுக்கு நேராக நிற்பது பக்கச் சுவர். பூச்சுகூடப் பூசாமல், செங்கல்லாய், யாருக்கும் வேண்டாததாய் நின்றது.

நாங்கள் எல்லாரும் பெஞ்சில் உட்காருகிறவன் தலைக்கு மேலே இருக்கிற இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுபடி எல்லாரும் கூடினபோது நான் பேசினேன். அப்படிப்பட்ட இடத்தில் நான் பேசினது அதுதான் முதல்.

"ஐயா, நெத்தி பூரா உங்க ஊரு பேரு போடறன். நல்லாவே போடறன். பக்கச் செவுரு ரெண்டும் எங்களுக்கு வுட்டுடுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சூது இருக்கிறதா என்று பார்த்தார்.

"பக்கச் செவுரு எதுக்கும்மா? நோட்டீஸ் ஒட்டவா?"

அவருடன் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஆமாங்க. நோட்டீசுதான்."

"எடுத்துக்க."

பைக்குகள் போனதும் பிரகாசு என் எதிரே வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"இன்னா வேல பண்ணிட்ட நீ? தலய அவங்களுக்குக் குடுத்துட்டு காத வாங்கிக்கினு வந்துட்டியே. கூலிக்கு வேல செய்யறவதான நீ, உனக்கு இன்னா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனான். அது பிரகாசு பேசினதைவிட வலித்தது.

இங்கே ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளே. நம் வேலையில் முடிவு பண்ணும்போது நம் பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். முடிவு சரியாகப் போனால் எல்லாரும் இருந்திருப்பார்கள். நான் அன்று நினைத்தது: பக்கச் சுவரை டிரைவர் படிக்கவில்லை என்றால் நெற்றியும் போச்சு, சுவரும் போச்சு, அமலாவின் வேலையும் போச்சு. என் சனத்துக்கு முன்னால் நான் நடமாட முடியாது. அது தெரிந்துதான் கலவை பூசுகிற கரணையைக் கையில் எடுத்தேன்.

பெரிய ஊர்ப் பேரை நெற்றியில் ஒழுங்காகவே போட்டேன். குறை வைக்கவில்லை. வேலையில் பகை காட்டக் கூடாது.

பிறகு பக்கச் சுவர். ஓடைமேடு, நாலே எழுத்து. சுவர் குறுகல்தான். ஆனாலும் நாலு எழுத்துக்குப் போதும். ட கட்டையால் ஆனது, தொல்லை இல்லாதது. ம அதற்கு அக்கா. ஓ பெரிய வளையம். கஷ்டம் எங்கே என்றால் டை-க்கு முன்னால் வருகிற இரட்டைச் சுழியிலும் மே-க்கு முன்னால் வருகிற கொம்பிலும். இரண்டிலும் சின்னச் சின்ன ஓட்டை. வெளி வளையத்துக்கு, போர்வெல் போட்ட இடத்தில் மீந்த கேசிங் பைப்பில் அறுத்து வைத்திருந்தேன். உள் வளையம் எந்தப் பைப்பில் அறுப்பது என்பதுதான் கேள்வி. உள் வளையம் சின்னதானால் எழுத்து தடிக்கும். பெரிதானால் மெலியும்.

பிரகாசு கோபம் தீராமல் வந்து நின்றான். கூடவே பிள்ளைகள்.

"போடறதுதான் போடற, நல்லா தடியா போடு. எத்தினி தடி முடியுமோ அத்தினி. பாத்தா பயப்படணும்."

"பயப்பட வெக்கறதுக்கா எழுதறன்? படிக்க வெக்கறதுக்கு எழுதறன்."

"மெலிசா போட்டுத்தான் இத்தினி வருசம் யாரு கண்ணுக்கும் தெரியாம போச்சு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வாங்கி டை என்ற எழுத்தை இரண்டு தடவை வெட்டினேன். ஒன்று அவன் கேட்ட தடி. ஒன்று நான் நினைத்த தடி. கரி பூசிச் சுவரில் இரண்டையும் ஒட்டினேன். கிட்ட நின்று பார்த்தால் அவனுடையதுதான் கம்பீரம். என்னுடையது அதன் பக்கத்தில் காய்ச்சல் வந்து எழுந்த மாதிரி இருந்தது.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றான்.

"ஆட்டோவ எடு. வளைவுக்குப் போ. பஸ்ஸு வர வேகத்துல வா."

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்தான். இறங்கி வரும்போதே பின் சீட்டில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அத்த, பிரகாசு எழுத்து ரெண்டு போண்டாவ ஒட்டி வெச்ச மாதிரி கீது."

"வாய மூடுறா."

"நெஜமாத்தான். போண்டாவுக்குப் பக்கத்துல ஒரு செவுரு. போண்டா கடன்னு நெனச்சி பஸ்ஸ நிறுத்துவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பிரகாசு சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை போய் வந்தான், தனியாக. வந்து என் அட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்த ஓட்ட தெரியுது. அதனால எழுத்து தெரியுது."

"ஆமா."

"சரி, போடு. இதுக்கு மேல பேச மாட்டன்."

தடி எழுத்தின் குணம் இதுதான். கறுப்பு எவ்வளவு போடலாம் என்று நடுவில் இருக்கிற வெள்ளைதான் சொல்லும். வெள்ளை மூச்சு விடுகிற வரைக்கும் தடிக்கலாம். அதற்கு மேலே தடித்தால் அது பலம் இல்லை, வீக்கம்.

திறப்புக்கு முதல் நாள் கலவை வைத்தேன். காலையில் நிழற்குடையின் தெற்குச் சுவர், மதியத்துக்கு மேல் வடக்குச் சுவர். வில்லியனூரிலிருந்து வருகிற பஸ்ஸுக்கு முகம் காட்டுவது வடக்குச் சுவர்தான். அமலாவின் சுவர் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். வளையம் எல்லாம் சுத்தமாக உருவி வந்தது. ஒரு முனை உடையவில்லை. காண்ட்ராக்டர் கிட்ட நின்று பார்த்து, "பைப்புல ஊத்தி எடுத்த மாதிரி கீதும்மா," என்றார். பெயிண்ட் அடிக்கிறவர் மறுநாள் விடிகாலை வருவதாக ஏற்பாடு. பந்தல் கம்பு நட்டாகிவிட்டது. எல்லாரும் போகக் கிளம்பினார்கள்.

நான் வளைவுக்கு நடந்தேன். அங்கே நின்றிருந்த பிரகாசின் ஆட்டோ கண்ணாடியில், முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தேன்.

டை அடைத்துக்கொண்டு நின்றது. மே-யும் அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டும் ஒரே மாதிரி. பிரகாசின் போண்டா.

அளவு மாறவில்லை. அட்டையில் தெரிந்த ஓட்டை சிமெண்டில் எங்கே போனது? திரும்பி நேராகப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கத்திரி வெயில் முடிந்த நேரம். அந்த நாட்களில் வெயில் கொஞ்சம் வடக்கே தள்ளி இறங்கும். இறங்கும்போது வடக்குச் சுவரைப் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகும். அட்டைக்கு உயரம் இல்லை. சிமெண்ட் எழுத்துக்கு உயரம் உண்டு. எழும்பி நிற்கிற விளிம்பின் நிழல் ஓட்டைக்குள் விழுந்து ஓட்டையை மூடிவிட்டது. காலையில் மரநிழலில் சரியாக இருக்கும். மதியம் கூரை நிழலில் சரியாக இருக்கும். அமலா வருகிற நேரத்துக்கு மட்டும் மூடிக்கொள்ளும்.

ஓடி வந்தேன். நான் ஓடினதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"கலவய தொட்டுப் பாருங்க, இறுகிட்டுதா?"

"இறுகிக்கினு கீதும்மா. எதுக்கு?" என்றார் காண்ட்ராக்டர்.

"ஓட்டய செதுக்கணும்."

"இன்னாத்துக்கு? அம்சமா கீது. காலைல திறப்பு. தொட்டா விண்டு வுழும். வுழுந்தா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்?"

அவர் சொன்னது எல்லாம் உண்மை. பாதி இறுகின கலவையைச் செதுக்கினால் எழுத்தே கழன்று வரலாம். விட்டுவிட்டால் திறப்பு நன்றாக நடக்கும், கைதட்டுவார்கள், பஸ் நிற்காது. நல்லா இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிற வேலையை, செய்தவளே வெட்டப் போகிறாள். அதற்கு மேலே யோசிக்க நேரம் இல்லை. யோசித்தால் கலவை இறுகிவிடும். அது நமக்காகக் காத்திருக்காது.

"தள்ளி நில்லுங்க," என்றேன்.

சின்னக் கரணையை எடுத்தேன். வெயில் வருகிற பக்கத்து உள் விளிம்பை மட்டும் சரித்தேன். கிண்ணத்தின் வாயைச் சரிக்கிற மாதிரி. இழுக்கவில்லை, அழுத்தவில்லை, சீவினேன். பிரகாசு வளைவில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"டை தொறந்துக்கிச்சு! மே இன்னும் மூடிக்கினு கீது! இன்னும் கொஞ்சம்… நிறுத்து, நிறுத்து, போதும்!"

கொம்பின் சுழியில் ஒரு துண்டு பெயர்ந்தது. என் கையிலேயே விழுந்தது. காண்ட்ராக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைத் தண்ணீர் தொட்டு, திரும்ப வைத்து, கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே நின்றேன். அது பிடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டது.

இப்போதும் அந்தச் சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓட்டை எதுவும் வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் சரிந்து, கோணலாக இருக்கும். வேலை தெரியாதவள் செய்தது என்றுகூட நினைப்பீர்கள். அப்படியே பின்னால் நடந்து வளைவுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். வட்டம் என்றால் அது வட்டம். பைப்புக்கு அதன் வட்டம் தெரியும். கண்ணுக்கு எது வட்டம் என்று பைப்புக்குத் தெரியாது. அதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

என் வேலையில் பெரிசு எது என்று கேட்பவர்கள் உண்டு. மண்டபம், தொட்டி என்று எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் அந்தக் கோணல் ஓட்டைகளைச் சொல்வேன்.

காலையில் பெயிண்ட். மஞ்சள் சுவர், கறுப்பு எழுத்து. திறப்பு நடந்தது. பெரிய ஊர்ப் பெரியவர் நெற்றிக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நல்ல போட்டோ. இப்போது அந்தப் பெரியவரே வில்லியனூரில் பஸ் ஏறினால், தன் தோட்டத்துக்கு இதுதான் கிட்ட என்று, "ஓடைமேடு ஒண்ணு குடு," என்று டிக்கெட் கேட்கிறார். பின் சீட்டில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். நெற்றியில் இருக்கிற பேரைச் சொல்லி அந்த ஸ்டாப்பை யாரும் கேட்டதில்லை.

அது பிறகு. திறப்பு அன்று சாயங்காலம்தான் எனக்குக் கணக்கு.

அன்று நான் அமலாவைக் கூட்டிவர பெரிய ஊருக்குப் போகவில்லை. நிழற்குடைக்கும் போகவில்லை. ஆள் நின்றால் ஆளைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். எழுத்தைப் பார்த்து நிற்கிறதா என்றுதான் தெரியணும். பிள்ளைகளையும் அங்கே நிற்கக் கூடாது என்று விரட்டிவிட்டேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். பஸ் சத்தம் வளைவில் கேட்டது. கிட்ட வந்தது. அண்ணன் எழுந்து நின்றது நிழலாகத் தெரிந்தது.

விசில் கேட்டது. பிரேக் சத்தம் கேட்டது.

அமலா உள்ளே வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். முகத்தைப் பார்த்தால் ஏதோ தொலைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

"இன்னாடி?"

"எழுந்திருக்கலாம்னு சீட்டப் புடிச்சன் அத்த. அதுக்குள்ள அந்தக் கண்டக்டரே, ஓடைமேடு எறங்கறவங்க வாங்கன்னு விசில் அடிச்சிட்டாரு." என் பக்கம் திரும்பினாள். "நான் கேக்கவே இல்ல அத்த."

"சரி," என்றேன். "கை கழுவிட்டு வா. சாப்புடு."